மறுகால் பாயும் மாடிகள்: பசுமைக் கூரை குமரி மழையைத் தாங்குமா?

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஏறக்குறைய 4,650 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர், ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர், கணக்கு அவ்வளவுதான். சிமென்ட் தளம் இதில் தன்னிடம் நிறுத்திக்கொள்வது அற்பம். மேலே விழுந்தது சில நிமிடங்களில் குழாய் வழியே முற்றத்துக்கு வந்துவிடும். முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்திருந்தால் அங்கும் நிற்காது. தெருவுக்கு ஓடும், தெருவிலிருந்து ஓடைக்கு. நாகர்கோவிலில் ஐப்பசி மாதத்து மாலை மழை அரை மணி நேரம் வலுத்தாலே பள்ளமான தெருக்களில் தண்ணீர் ஏறிவிடுகிறது. மழையின் அளவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரிலுள்ள எல்லா மாடிகளும் ஒரே நேரத்தில் தங்கள் தண்ணீரைக் கீழே கொட்டுகின்றன.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவனவற்றில் ஒன்று பசுமைக் கூரை. தளம் முழுக்க நீர் புகாத விரிப்பு, அதன்மேல் வேரைத் தடுக்கும் தாள், வடிகால் அடுக்கு, மண் கரைந்து போகாமல் தடுக்கும் துணி, அதற்கும் மேல் ஒரு சாணுக்கும் குறைவான மண்கலவை, அதில் செடி. ஜெர்மனியில் 1970-களிலிருந்து முறையாக வளர்ந்த தொழில்நுட்பம் இது. கனடாவின் டொரண்டோ நகரம் 2009-ல் பெரிய புதுக் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. மாடியில் செடி இருந்தால் மழைநீரை மண் உறிஞ்சிக்கொள்ளும், வெள்ளம் குறையும் என்ற பேச்சு இங்கேயும் வந்துவிட்டது. உறிஞ்சும், சரி. எத்தனை தடவை உறிஞ்சும்? திங்கட்கிழமை குடித்த மண் செவ்வாய்க்கிழமையும் குடிக்குமா? அதற்கு விடை சொல்ல வேண்டியது செடியின் இலை.

நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குளத்தின் கொள்ளளவு ஒன்று. மழை வரும் நேரத்தில் அதில் காலியாக இருக்கும் இடம் வேறொன்று. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் போயிருந்தால் அடுத்த மழைக்கு இடம் இருக்கும். ததும்பி நிற்கிற குளத்தில் பெய்கிற மழை அப்படியே மறுகால் பாய்ந்து போகும். பசுமைக் கூரையும் ஒரு குட்டிக் குளம்தான். கரை பத்து சென்டிமீட்டர் உயரம். அதன் மடை இலையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகளாக இருக்கிறது. மழை ஓய்ந்த நாட்களில் அந்தத் துளைகள் வழியே எவ்வளவு தண்ணீர் காற்றில் போகிறதோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அடுத்த மழைக்குக் கூரையில் கிடைக்கும் இடம்.

இந்தக் குட்டிக் குளம் எவ்வளவு பிடிக்கும் என்று முதலில் பார்த்துவிடலாம். மண்ணை நன்றாக நனைத்து, அடியில் சொட்டுவது நின்ற பிறகு மண் தன்னிடம் வைத்திருக்கும் தண்ணீர் ஒரு எல்லை. செடி எவ்வளவு முயன்றும் எடுக்க முடியாமல் வாடிப்போகும்போது மண்ணில் மிச்சமிருப்பது மறு எல்லை. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் புழங்கும் தண்ணீர். நல்ல கூரைக் கலவையில், பத்து செ.மீ. ஆழத்துக்கு இது 20 முதல் 30 மி.மீ. வரை வரும். 25 என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடிக்கு 2,300 லிட்டர். மாடிகளில் நிற்கும் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டியில் இரண்டேகால். மேலே சொன்ன 50 மி.மீ. மழையில் சரிபாதி. அதுவும் கலவை நன்றாகக் காய்ந்து கிடந்தால்.

காயவைக்கும் வேலையில் மண்ணுக்கும் பங்கு உண்டு, செடிக்கும் உண்டு. வெறும் மண்ணாக விட்டால் மேற்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகும். ஆனால் மேலே அரை அங்குலம் காய்ந்ததும் அந்தக் காய்ந்த மண்ணே மூடியாகிவிடும். அடியில் ஈரம் அப்படியே கிடக்கும். காய்ந்த தொட்டி என்று நினைத்து விரலை விட்டுப் பார்த்தால் இரண்டாவது கணுவில் ஈரம் தட்டுப்படும், மாடித்தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேர் அந்த ஈரம் வரை போய் இழுத்துவரும். இழுத்ததில் செடி தன் உடம்புக்கென்று வைத்துக்கொள்வது நூற்றில் இரண்டு மூன்று பங்குகூடத் தேறாது. மீதி முழுவதும் இலைத்துளை வழியே ஆவியாகப் போகிறது. பள்ளிப் பாடத்தில் நீராவிப்போக்கு என்று படித்தோமே, அது. செடி விரும்பிச் செய்கிற காரியம் இல்லை இது. உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அதற்கு இலைத்துளை திறந்தாக வேண்டும். திறந்தால் ஈரம் வெளியேறாமல் இருக்காது. செடிக்கு அது நஷ்டம். கூரைக்கு அதுதான் லாபம்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் ஆற்றல் வேண்டும். ஆயிரம் சதுர அடியில் ஒரு நாளில் நான்கு மி.மீ. போனால் 370 லிட்டர். 250 யூனிட் அளவுக்கு வெயிலின் சூடு தளத்துக்குள் இறங்காமல் ஆவியோடு போய்விடுகிறது. கரண்ட் பில்லில் 250 யூனிட் குறையும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். குறைவது தளத்தின் மேல் விழும் வெப்பம். அதில் எவ்வளவு வீட்டுக்குள் வந்திருக்கும் என்பது வேறு கணக்கு. ஆனாலும் பங்குனி வெயிலில் மேல்மாடியில் படுப்பவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பவை வெயில், காற்றின் வேகம், காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம், வெப்பநிலை ஆகியவை. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்த ஹோவர்ட் பென்மன் 1948-ல் இவற்றை ஒரே சமன்பாட்டில் கொண்டுவந்தார். இலைத்துளை காட்டும் தடையைப் பிற்பாடு ஜான் மான்டீத் சேர்த்தார். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1998-ல் வெளியிட்ட பாசனக் கையேடு இந்தப் பென்மன்-மான்டீத் முறையைத்தான் அடிப்படையாகக் கொண்டது. ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டலத்துக்கு அந்தக் கையேடு தரும் தோராய அளவு: சராசரி வெப்பநிலை 20 டிகிரி அளவில் இருந்தால் நாளொன்றுக்கு 3 முதல் 5 மி.மீ.; 30 டிகிரியைத் தாண்டினால் 5 முதல் 7 மி.மீ. ஆனால் இது தாராளமாகத் தண்ணீர் கிடைக்கும் புல்வெளிக்கான அளவு. மாடியில் இருக்கும் பத்து செ.மீ. கலவைக்கு அந்தத் தாராளம் கிடையாது. மழை முடிந்த முதல் இரண்டு மூன்று நாட்கள் செடி வாரிக் குடிக்கும். பிறகு ஈரம் குறையக் குறைய இலைத்துளையை இறுக்கிக்கொள்ளும். போக்கு மூன்றாகி, இரண்டாகி, ஒன்றுக்கும் கீழே போகும். குளத்தில் தண்ணீர் இறங்க இறங்க மடையில் வேகம் குறைவது போலத்தான்.

இந்த இடத்தில்தான் குமரி மாவட்டம் சுவாரசியமாகிறது. 1,672 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் சிறிய மாவட்டங்களில் ஒன்று. ஆனால் இரண்டு பருவமழையும் சேர்ந்து கிடைக்கும் மாவட்டம். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் கனமாகப் பெய்யும். கிழக்கே தோவாளை, தெற்கே கன்னியாகுமரி என்று வர வர மெலியும். ஆனி, ஆடியில் மார்த்தாண்டத்தில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. அந்த நாட்களில் செடியும் குடிக்காது. காரணம் ஒன்றுதான்: வெயில் இல்லை, காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. அதே ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போனால் நிலைமை தலைகீழ். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று அங்கே இலையைச் சுற்றித் தேங்கும் ஈரத்தை நிற்கவிடாமல் அடித்துக்கொண்டு போகும். ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத இடைவெளியில், ஒரே கலவை, ஒரே செடி, ஒரே மாதம். ஒரு கூரை காயவே காயாது, மற்றொன்றில் செடி கருகாமல் காப்பாற்றுவதே பாடாக இருக்கும். மடை அதிகம் வேண்டாத இடத்தில் அது வேகமாக ஓடுகிறது; வேண்டிய இடத்தில் அடைத்துக் கிடக்கிறது.

கணக்குக்காக ஒரு வாரத்தைப் பார்ப்போம். இரண்டு வாரம் காய்ந்து கிடந்த கூரை; காலி இடம் முழுதாக 25 மி.மீ. ஞாயிறு மாலை 30 மி.மீ. மழை. 25 உள்ளே நிற்கும், 5 வடியும். நல்ல வேலை. அடுத்த மூன்று நாள் வெயில். நாலு, நாலு, மூன்று என்று பதினொரு மி.மீ. ஆவியாகிறது. வியாழன் அதிகாலை 20 மி.மீ. மழை வந்தால் 11 நிற்கும், 9 வடியும். பாதிக்கு மேல் பிடித்ததால் இதுவும் பரவாயில்லை. அதே 20 மி.மீ. மழை செவ்வாய் அதிகாலையே வந்திருந்தால்? திங்களன்று போன நாலு மி.மீ. மட்டும்தான் இடம். பதினாறு வடியும். கூரை அதே கூரை, மழை அதே மழை. மாறியது இடையில் கிடைத்த நாட்கள். வெளிநாட்டுக் கம்பெனிக் கையேடுகளில் இந்தக் கூரை மழையில் ஐம்பது சதவீதம் பிடிக்கும் என்று ஒற்றை எண்ணாக அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஜெர்மானிய வழிகாட்டி நூலில் ஆறு முதல் பத்து செ.மீ. கலவைக்கு ஆண்டு முழுவதுக்குமான சராசரியாக ஏறக்குறைய அந்த அளவுதான் சொல்லியிருக்கிறார்கள். அங்கே அது பொய்யில்லை. ஆனால் அது ஆண்டுக்கு 650 முதல் 800 மி.மீ. மழை, பெரும்பாலும் தூறலாக, ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்யும் ஊர்களுக்கான எண். நமக்கு 1,400 மி.மீ. அளவில் பெய்கிறது; அதுவும் சேர்ந்தாற்போல்.

ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். நாளுக்கு நாலு மி.மீ. என்று வைத்தால் செடிகள் ஆண்டுக்கு 1,460 மி.மீ. குடித்துவிடலாம். அதாவது மாவட்டத்தின் ஆண்டு மழை முழுவதையும். காகிதத்தில் பார்த்தால் பசுமைக் கூரையிலிருந்து ஒரு சொட்டும் கீழே வரக் கூடாது. மாசியில் செடி தாகத்தால் சுருண்டு கிடப்பதும் கார்த்திகையில் அதே கூரையின் குழாயில் தண்ணீர் கொட்டுவதும் ஏன் என்றால், 25 மி.மீ. கரைக்குள் கார்த்திகைத் தண்ணீரை மாசிவரை தூக்கிப்போக முடியாது என்பதால்தான். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் செய்கிற வேலையை மாடியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வெள்ளம் என்று நாம் சொல்வது எந்த மழையில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. 2021 நவம்பர் நடுவில் குமரி மாவட்டத்தில் வயல்களும் வீடுகளும் மூழ்கி, நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்ற நாட்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே நாள்கணக்கில் மழை விட்டுவிட்டுப் பெய்து மண் எல்லாம் ஊறிக் கிடந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் மேகமூட்டத்துக்கு நடுவே இலை வழியாகப் போவது நாளுக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ. இருந்தால் பெரிது. வருவதோ பல பத்து மி.மீ. அந்த வெள்ளத்தை மாவட்டத்திலுள்ள எல்லா மாடிகளிலும் செடி வைத்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. பசுமைக் கூரையை ஆதரிப்பவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டால் முதல் பெருமழையிலேயே ஜனங்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள்.

பிறகு எதற்குத்தான் அது? சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ச்சிவிட்டு மாலையில் இடியோடு கொட்டும் கோடை மழைக்கு. ஆவணி, புரட்டாசியில் நாலைந்து நாள் வெயிலுக்குப் பின் வரும் திடீர் மழைக்கு. ஐப்பசியின் முதல் மழைகளுக்கு. தெருவில் கணுக்காலளவு தண்ணீர் ஏறிக் கடைக்குள் புகும் தொல்லையில் பெரும்பங்கு 20, 30 மி.மீ. மழைகளின் வேலைதான், ஊர் முழுகும் மழை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. சின்ன மழைகளில் கூரை காய்ந்திருந்தால் ஏறக்குறைய முழுசாகவே விழுங்கிவிடும். ஊறிப்போன கூரைக்கும் ஒரு சிறு உபயோகம் மிச்சமிருக்கிறது: தண்ணீர் கலவைக்குள் புகுந்து, வடிகால் அடுக்கு வழியே நடந்து குழாய்க்கு வரக் கொஞ்சம் நேரமாகும். மொத்த அளவு குறையாது. ஆனால் எல்லாம் ஒரே பத்து நிமிடத்தில் ஓடையில் போய் முட்டாது.

செடித் தேர்வில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குளிர்நாடுகளில் பசுமைக் கூரை என்றாலே செடம் வகைச் சதைப்பற்றுச் செடி. குறைந்த மண், கவனிப்பு வேண்டாம், காய்ந்தாலும் சாகாது. எல்லாம் சரி. அது சாகாமல் இருப்பதற்குக் காரணமே தண்ணீரைச் செலவழிக்காத கஞ்சத்தனம். மடையையே திறக்காத குளம் மாதிரி! அதிலும் குளிர்நாட்டுச் செடங்கள் பல நம் அடைமழையில் அழுகிப்போகும். நம் ஊர்க் கற்றாழையும் ரணகள்ளியும் இந்தக் கஞ்சக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். பகலில் இலைத்துளையை மூடிவைத்து, குளிர்ந்த ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, புளிப்பு அமிலமாக இலைக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும். விடிந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இருப்பை வைத்துச் சமையல்.

இந்தத் தந்திரத்தை நாக்கால் கண்டுபிடித்தவர் நம் பக்கத்திலேயே வேலை பார்த்தவர். பெஞ்சமின் ஹெய்ன், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பின்பு சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தார். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1815-ல் அச்சானது. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் பிள்ளைகள் நூலில் கட்டித் தொங்கவிட்டு விளையாடும் அதே செடி.

கூரைக்கு வேண்டியது இரண்டு குணமும் உள்ள செடி: தண்ணீர் இருக்கும்போது ஊதாரி, இல்லாதபோது கஞ்சன். அப்படி ஒன்று வயல் வரப்பிலும் சிமென்ட் வெடிப்பிலும் தானாக முளைத்துக் கிடக்கிறது. பருப்புக்கீரை. ஈரம் இருக்கும்வரை கரும்பு, சோளம் போல வேகமாக வளரும் வழியில் உணவு தயாரிக்கும்; வறட்சி வந்தால் கற்றாழையின் ராத்திரி வழிக்கு மாறிக்கொள்ளும். இரண்டு வழியையும் ஒரே உடம்பில் வைத்திருக்கும் செடிகள் அபூர்வம். வீட்டு முகப்பில் தொங்கவிடும் பத்துமணிப்பூவும் இதன் குடும்பந்தான். இவற்றோடு அருகம்புல், எலுமிச்சைப்புல் போன்ற வேர் நன்றாக ஓடும் புல் வகைகளைக் கலந்து விட்டால் மழைக்காலத்தில் புல் குடிக்கும். கோடையில் புல் பழுத்துப் படுத்தாலும் தரையை மூடப் பருப்புக்கீரை இருக்கும். அழகுக்கு இது போதாது என்பவர்கள் இருப்பார்கள். கோடையில் மாடி பழுப்பாகத் தெரிவதைப் பொறுக்க முடியாதவர்கள் பசுமைக் கூரை போடாமல் இருப்பதே மேல்.

ஏனென்றால் பச்சையாகவே வைத்திருக்க வேண்டுமென்று தினமும் ஹோஸ் பிடித்தால் மேலே சொன்ன கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும். காலையில் தண்ணீர் ஊற்றி நிறைத்துவைத்த கலவைக்குச் சாயங்கால மழையைப் பிடிக்க இடமேது? நம் ஊரில் பரவலாக இருக்கும் மாடித்தோட்டத்துக்கும் இதே பதில். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் பைகளில் வெண்டையும் தக்காளியும் போட்டு வளர்ப்பது நல்ல காரியம். வீட்டுக்குக் காய் கிடைக்கும், மனசுக்கும் நல்லது. ஆனால் பைகள் மூடுவது தளத்தில் சிறு பங்கு, மீதி சிமென்ட். பைகளோ எப்போதும் நனைந்தே இருக்கும். மழைநீர்க் கணக்கில் அந்த மாடியும் வெறும் மாடியும் கிட்டத்தட்ட ஒன்று.

பாரம் பற்றிப் பேசாமல் இதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு. பராமரிப்புக்கு மட்டும் ஏறும் கூரைக்கு அதில் பாதி. செம்மண்ணை பத்து செ.மீ. பரப்பி நனைத்தாலே 180, 200 கிலோ வரும். ஆட்கள் ஏறுவதற்கு முன்பே எல்லை தாண்டியாயிற்று. அதனால்தான் இலகுவான கலவை. தென்னை நார்க்கழிவுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீர் பிடிக்கும். ஆனால் அதை மட்டும் போட்டால் மக்கி மக்கி இரண்டு மூன்று மழைக்காலத்தில் கலவை பாதியாக இறங்கிவிடும். உப்பு போக அலசாமல் போட்டால் செடி பிடிக்காது. இடித்த பழைய ஓடு, செங்கல் ஜல்லி இவற்றைப் பெரும்பங்காக வைத்து நார்க்கழிவைக் கொஞ்சமாகச் சேர்ப்பது நிற்கும். துண்டு ஓடு தண்ணீரும் பிடிக்கும், மக்கவும் மக்காது. அப்படியும் நனைந்த நிலையில் சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டும். பழைய வீடானால் பொறியாளர் ஒருவர் தளத்தைப் பார்த்துச் சொல்லாமல் ஒரு கூடை மண்கூட மேலே ஏற்றக் கூடாது.

வடியும் குழாயின் வாய் அடைத்தால் பத்து செ.மீ. உயரத்துக்குத் தேங்கும் தண்ணீர் இன்னொரு நூறு கிலோ. அங்கே சருகு சேராமல் பார்க்க ஆள் வேண்டும். பறவை எச்சத்தில் வந்து விழும் ஆல், அரச விதைகளும் இந்தக் கலவையைச் சொர்க்கமாக நினைக்கும். கைப்பிடிச்சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை வெட்ட வெட்ட அது தழைத்து வருவதைப் பார்த்தவர்களுக்கு, ஈர மண்ணே பரப்பிவைத்த மாடியில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாரலுக்கு முன்னும் பின்னும் களை பிடுங்கியே ஆகவேண்டும். கடற்கரை ஊர்களில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த அடியில் கூரைகள் பறந்த மாவட்டம் இது. காய்ந்த இலகுக் கலவையை வேர் இறுக்கிப் பிடிக்கும் முன் பெருங்காற்று வந்தால் அது பக்கத்து வீட்டு முற்றத்தில் கிடக்கும்.

மழைநீர்ச் சேமிப்போடு வரும் மோதலைப் பலரும் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம். வெறும் தளத்திலிருந்து வரும் தண்ணீரை முதல் மழையை விட்டுவிட்டுத் தொட்டியில் பிடித்துச் சமையலுக்கு வைத்துக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. செடி குடித்த கூரையிலிருந்து வருவது குறைவு. வருவதும் டீ நிறத்தில் இருக்கும். கிணற்றுப் பக்கத்துக் குழியில் இறக்கலாம், குடிக்க ஆகாது. எருவை அள்ளிக் கொட்டி வளர்த்த கூரையானால் அதிலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்து ஓடைக்குப் போகும். ஓடை போய்ச் சேருவது குளத்துக்கோ பழையாற்றுக்கோதான். ஏற்கெனவே ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும் குளங்களுக்கு மேலும் உரம் போட்டதாகிவிடும். கூரைக் கலவை ஏழையாக இருப்பதே நல்லது; எரு மிகக் கொஞ்சம் போதும்.

என்னைக் கேட்டால், முற்றத்தில் மண் இருக்கிற வீட்டுக்காரர் பசுமைக் கூரைக்குச் செலவு செய்ய வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சாதாரண ஓட்டு வீடுவரை இங்கே கூரைகள் செங்குத்தாகச் சரிந்தவை. மழையை ஒரு நொடிகூடத் தங்கவிடாமல் கீழே தள்ளுவதே அவற்றின் நோக்கம். அப்படித் தள்ள முடிந்ததற்குக் காரணம், கீழே தென்னையும் பலாவும் வாழையும் நின்ற மண். அங்கே வேர் இறங்கியது பல அடி. குடிக்கும் தண்ணீரும் அதற்கேற்ப. இப்போது ஓட்டுக்குப் பதில் கான்கிரீட், அது ஒழுகினால் அதன்மேல் ட்ரஸ் அடித்து ஷீட், கீழே இன்டர்லாக். தண்ணீர் நிற்க எங்கும் ஓர் இடமில்லை. முற்றத்து இன்டர்லாக்கில் பாதியைப் பெயர்த்து வாழை வைத்தால், ஆயிரம் சதுர அடிக் கூரைத் தோட்டத்தைவிட மலிவாக அதைவிட அதிகம் பிடிக்கும்.

முற்றமே இல்லாத இடங்களில்தான் கூரைக்கு வேலை வருகிறது. நாகர்கோவிலில் கோட்டாறு, வடசேரி, மீனாட்சிபுரம் பக்கம் கட்டடத்துக்குக் கட்டடம் ஒட்டிக்கொண்டு நிற்கும் கடைவீதிகள், புதிதாக எழும் கல்யாண மண்டபங்கள், அலுவலகங்கள். கட்டும்போதே பாரத்துக்குக் கணக்குப் போட்டு வார்க்கலாம், பராமரிக்க ஆளும் இருக்கும். பத்தாயிரம் சதுர அடித் தளம் கோடை மழையில் 23,000 லிட்டரை ஓடைக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டால் அந்தத் தெருவுக்கு அது பெரிது.

செய்துபார்க்க விரும்புபவர்கள் கம்பெனி எண்ணை நம்பாமல் சொந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவில், அடியில் ஓட்டையுள்ள இரண்டு தட்டுகள். இரண்டிலும் அதே கலவை பத்து செ.மீ.; ஒன்றில் செடி, மற்றொன்று வெறுமனே. செடி வேர் பிடிக்க ஒரு மாதம் விட்டு, நன்றாக நனைத்து, சொட்டுவது நின்றதும் காய்கறிக் கடைத் தராசில் எடை போட வேண்டும். பிறகு தினமும் அதே நேரத்தில் எடை. பரப்பு கால் சதுர மீட்டர் என்பதால் 250 கிராம் குறைந்தால் ஒரு மி.மீ. போயிருக்கிறது என்று அர்த்தம். மழை பெய்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். ஆடியில் ஒரு வாரம், ஐப்பசியில் மழை இடைவெளி விட்ட ஒரு வாரம், மாசியில் ஒரு வாரம் எடுத்தால் அந்த மாடியின் மடை எந்த மாதம் எவ்வளவு திறக்கிறது என்று தெரிந்துவிடும். மார்த்தாண்டத்தில் எடுத்த எண்ணை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோகக் கூடாது.